ஒன்றாம் எண் குழாய்

லான்சினே திராவொரேயின் மோட்டார் சைக்கிள் பன்டோலா கிராமத்துக்குள் நுழைந்தபோது, பாயில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்த நன்தெனின் கோந்தே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடா நாத்தம் அடிக்குதேன்னு பார்த்தேன். என் அடிமை வர்றான்."

"எஜமானைப் பார்த்து அடிமைங்கற. வெயில் உச்சி மண்டையில ஏறிடுச்சு போல. எந்திரிச்சுத் தண்ணி கொண்டா, தட்டைப்பயறு தின்னி!"

"தட்டைப்பயறு தின்னா காத்துதான் பிரியும். உங்க திராவொரே வீட்டுச் சாப்பாட்டைத் தின்னா உயிரே பிரியும்."

வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த நர்ஸ் சரான் இறங்கி, ரத்தக் குழாய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். திராவொரே குலத்துக்கும் கோந்தே குலத்துக்கும் யார் காலத்திலிருந்தோ கேலி முறை. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டு வாங்கியவர் முகம் சுளிக்கக் கூடாது. முறைக்காரர் ஒன்று கேட்டால், முடிந்த காரியமாக இருந்தால், மறுக்கவும் கூடாது. கோந்தே வீட்டில் சாவு விழுந்தால் திராவொரே போய், "நல்லதாப் போச்சு, ஒரு பயறு தின்னி குறைஞ்சான்" என்று சொல்லி, அழுதுகொண்டிருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு வருவான். சொல்லாமல் வந்தால்தான் குற்றம்.

நன்தெனின் சாதாரணக் கோந்தே இல்லை. பிறந்ததும் கோந்தே வீடு, வாழ்க்கைப்பட்டதும் கோந்தே வீடு. "ரெட்டைக் கோந்தே" என்பான் லான்சினே. "ஒரு கோந்தேயையே தாங்க முடியல. இது ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வச்சது." புருஷன் சிகிரிப் பக்கம் தங்கம் தோண்டப் போய் வருஷத்துக்கு ஒரு முறை வருகிற ஆள். ஊர்ப் பெண்களின் காய்கறித் தோட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவள் தலையசைத்தால் பன்டோலாவில் பாதி வேலை முடிந்த மாதிரி.

லான்சினேவுக்கு அன்று அந்தத் தலையசைப்பு வேண்டியிருந்தது.

ஃபரானா மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குப் பதினைந்து வருஷம். வயது நாற்பத்தாறு. பாதி வேலை கூடத்துக்குள், மீதி வேலை ஊர் ஊராகப் போய் எலியைப் பற்றிப் பேசுவது. வீட்டுக்குள் சுற்றும் அந்தச் சாம்பல் எலி அரிசியில் மூத்திரம் பெய்தால் மனிதனுக்கு லாசா காய்ச்சல் வரும். முதலில் மலேரியா மாதிரிதான் இருக்கும். முற்றிப்போனால் முகம் வீங்கி ஈறில் ரத்தம் கசியும். ஆகவே அரிசியை மூடி வையுங்கள், எலியைப் பிடித்துச் சுட்டுத் தின்னாதீர்கள். இதை அவன் எத்தனை மாமரத்தடியில் சொல்லியிருப்பான் என்று அவனுக்கே கணக்கில்லை. கோந்தே ஊர்களில் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்வான்: "கோந்தேகாரங்களுக்கு இது கஷ்டம்தான். எலி இல்லாம சோறு இறங்காதே!" நன்தெனினை இருபது வருஷமாக எலி தின்னி என்றும் கூப்பிட்டு வந்தான்.

இந்தத் தடவை வந்தது பேசுவதற்கு இல்லை. பன்டோலாவில் இதுவரை எத்தனை பேருக்கு அந்தக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

மாமரத்தடியில் கூட்டம் கூடியது. யாரும் சட்டைக் கையைத் தூக்குகிற வழியாகத் தெரியவில்லை. எபோலா ஓய்ந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. ரத்தம் எடுக்க வந்தவர்கள் பின்னாலேயே வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து ஆட்களைத் தூக்கிப்போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"காய்ச்சல் இருக்கறவன் ரத்தத்தை எடுத்தாலும் நியாயம் இருக்கு. நல்லா இருக்கறவன் ரத்தம் உங்களுக்கு எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

லான்சினே குனிந்து தரையைக் காட்டினான். "பெரியப்பா, இந்த வழியா ஒரு மாடு போயிருக்கு. மாட்டை நீங்க பார்க்கல. ஆனா போச்சுன்னு தெரியும்ல? குளம்புத் தடம் இருக்கு. காய்ச்சலும் அப்படித்தான். அது போன பிறகும் ரத்தத்துல தடம் இருக்கும். உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட்டதோட தடம். ஈரமா இருந்தா இப்பத்தான் வந்திருக்கு. காய்ஞ்சிருந்தா எப்பவோ வந்து போயிருக்கு. நாங்க தேடறது காய்ஞ்ச தடம்."

பெரியவர் குளம்புத் தடத்தை உற்றுப் பார்த்தார். ஒப்புக்கொண்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அப்போது நன்தெனின் எழுந்து இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எல்லாம் சரி. என் அடிமை என் ரத்தத்தைப் பார்க்கணும்னா, முதல்ல அவன் ரத்தத்தை நான் பார்க்கணும். உன் கையை நீட்டு, திராவொரே."

"என் ரத்தம் எதுக்கு? நான் ராஜ வம்சம்."

"அதான் கேக்கறேன். என்ன நிறம்னு பார்க்கலாம். முறைக்காரி கேட்டா மாட்டேன்னு சொல்லுவியா?"

கூட்டம் "ஓ!" என்று கத்தியது. லான்சினே சிரித்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். சரான் ஊசியைக் குத்தியதும், வேண்டுமென்றே "ஐயோ, அம்மா!" என்று அலறினான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழாயில் ஒன்று என்று எண் ஒட்டினாள் சரான். இரண்டாம் எண் நன்தெனின். அதற்குப் பிறகு வரிசை தானாக நின்றது. சாயங்காலத்துக்குள் அவனைச் சேர்க்காமல் அறுபத்திரண்டு குழாய்கள்.

கிளம்பும்போது நன்தெனின் சொன்னாள். "என் வீட்டு அரிசிக் குதிருக்கு மூடி உண்டு. மூடி மேல கல்லு உண்டு. என் ரத்தத்துல எலியோட தடம் இருந்தா, நான் என் பேரை மாத்தி வச்சுக்கறேன்."

"நல்ல பேரா நானே யோசிச்சு வைக்கறேன்" என்றான் லான்சினே.

மூன்றாம் நாள் பரிசோதனை. தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் ரத்தத்தின் தெளிநீர் ஒரு துளி. வரிசையாக மருந்து விட்டு, கழுவி, மறுபடி விட்டு, மறுபடி கழுவி, காத்திருக்க வேண்டும். தடம் இருக்கிற குழி முதலில் நீலமாகும். கடைசியாக அமிலம் ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். தடம் இல்லாத குழி தண்ணீராகவே நிற்கும்.

நன்தெனினின் இரண்டாம் எண் குழி ஜொலிபா ஆற்றில் கோடைகாலத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. 'அடச்சே' என்று நினைத்துக்கொண்டான். ஆறு மாதத்துக்கான கேலி வீணாகப் போயிற்று. பிறகு பக்கத்துக் குழியைப் பார்த்தான்.

ஒன்றாம் எண் மஞ்சள். லேசான மஞ்சள்கூட இல்லை. பழுத்த மாம்பழ மஞ்சள்.

குழி மாறிப் போயிருக்கும் என்று மறுநாள் திரும்பச் செய்தான். மஞ்சள். குழாய் மாறிப் போயிருக்கும் என்று சரானைக் கூப்பிட்டுப் புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லி, மூன்றாம் தடவை செய்தான். தட்டு முழுவதும் பொய் சொல்லியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் சரியாக இருக்க வேண்டியதெல்லாம் சரியாக இருந்தது. ஒன்றாம் எண்ணும் அதே மஞ்சளாக இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்து இடது காதைத் தடவினான். அந்தக் காது பத்தொன்பது வயதிலிருந்தே மந்தம். கான்கானில் படிக்கிற காலத்தில், நான்கு பேர் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தான். மலேரியா என்றார்கள். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் இடது பக்கம் உலகமே வாயை மூடிக்கொண்டது. அவன் அண்ணன், ஜின் பேய் அடித்துவிட்டது என்று தாயத்துக் கட்டினான். அந்த அறையில் அரிசி மூட்டையின் வாயை யாராவது ஒரு நாளாவது கட்டினார்களா? எலிகள் அங்கே அவர்களைவிட அதிக நாள் குடியிருந்தவை. லாசா வந்து பிழைத்தவர்களில் பலருக்குக் காது போகும் என்று பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். தன் காதை நோக்கி அந்த வாக்கியத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி மஹாவாவிடம் சொன்னான். அவள் கிழங்கு இலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப உன் காது போனதுக்குக் காரணம் எலி."

"அப்படித்தான் தெரியுது."

"சரி. காது கேக்காததுக்கு எலி காரணம். கேட்டும் கேக்காத மாதிரி இருபது வருஷம் உக்காந்திருந்தியே, அதுக்கு என்ன காரணம்? பூனையா?"

"மஹாவா, நான் வேதனையில இருக்கேன்."

"பொழச்சுட்டேல்ல? வேதனையை அந்தப் பக்கம் வச்சுட்டு இந்த உலக்கையைப் பிடி." இரண்டு இடி இடித்த பிறகு, உலக்கையின் மேலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் காய்ச்சல்லயே போயிருந்தா நான் யார்கிட்டக் கத்துவேன்?" என்றாள். நல்ல காதின் பக்கம்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் பன்டோலாவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு முடிவைச் சொன்னான். பதினெட்டுப் பேருக்கு எப்போதோ வந்து போயிருந்தது. கடைசியாக நன்தெனின்.

"உனக்கு இல்ல. தடமே இல்ல."

"தெரியும்" என்றாள். ஆனாலும் நிம்மதியில் அவள் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. "சரி, என் அடிமையோட ரத்தம் என்ன சொல்லுது?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தவன்தான். ஆனால் இருபது வருஷமாக அவளை எலி தின்னி என்று அழைத்த ஒவ்வொரு நாளும் வரிசையாக வந்து கண்முன் நின்றது.

"அந்தக் குழாய்... வழியில உடைஞ்சு போச்சு."

நன்தெனின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அறுபத்திரண்டு கோந்தே குழாய் உடையல. ஒரு திராவொரே குழாய் உடைஞ்சு போச்சு."

"பள்ளத்துல வண்டி குதிச்சது."

"திராவொரே ரத்தம் லேசானது, அதான் குதிச்சிருக்கு" என்று சொல்லி விட்டுவிட்டாள். ஆனால் அன்று அவன் அவளைச் சரியாகத் திட்டாமலேயே போனதை அவள் கவனித்தாள். சரானும் கவனித்தாள். திரும்பும் வழியில் பள்ளம் வந்தபோதெல்லாம் சரான், "மெதுவா போங்க, குழாய் உடைஞ்சிரும்" என்றாள்.

இரண்டு மாதம் போயிற்று. காட்டை எரித்து வயல் திருத்துகிற காலம் வந்தது. எரிகிற புதரிலிருந்து எலிகள் சிதறி ஓடும். அடித்துச் சுட்டுத் தின்ன இளைஞர்கள் தடியோடு நிற்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லான்சினேவின் கைபேசி அடித்தது. நன்தெனின் எண்.

"சொல்லு பயறு தின்னி, தட்டைப்பயறு தீர்ந்து போச்சா?"

"லான்சினே அண்ணே" என்றாள் நன்தெனின்.

அவள் அவனை அண்ணே என்று அழைத்ததே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. முறைக்காரி மரியாதை கொடுத்தால் வீட்டில் நெருப்புப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"சேகூபாவுக்கு ஆறு நாளாக் காய்ச்சல். மலேரியா மாத்திரை முழுசும் போட்டாச்சு, இறங்கல. தொண்டை வலிக்குதுங்கறான், எச்சில் முழுங்க முடியல. காலையில மூஞ்சி வீங்கியிருக்கு."

சேகூபா அவள் ஒரே மகன். இருபத்து நான்கு வயது. ஃபரானாவுக்கும் பன்டோலாவுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவன்.

மருத்துவமனை வண்டியில் லான்சினேவும் சரானும் போனார்கள். நன்தெனினின் முற்றத்தில் பாதி ஊர் நின்றது. வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த சேகூபா, கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற இருவரையும் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் வரமாட்டேன். அந்த ஆஸ்பத்திரித் தனி வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருவீங்க."

"பூட்ட மாட்டோம். சன்னல் இருக்கு, உங்கம்மா வந்து நின்னு பேசலாம்" என்றாள் சரான்.

"லாசாவா இருந்தா போனவன் எவன் திரும்பி வந்தான்? சாகறதுன்னா எங்கம்மா வீட்லயே சாகறேன்."

சரான் எண்களைச் சொல்லத் தொடங்கினாள்: சீக்கிரம் ஊசி போட்டால் இத்தனை பேர் பிழைப்பார்கள், தாமதித்தால் இத்தனை பேர். சேகூபா காதில் வாங்கவில்லை. நன்தெனின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊருக்கே உத்தரவு போடுகிறவளுக்கு வாய் வரவில்லை.

லான்சினே முகக்கவசத்துக்குள் ஒரு மூச்சு இழுத்தான்.

"சேகூபா, இங்க பாரு. அதுல போய்த் திரும்பி வந்தவன் ஒருத்தனை எனக்குத் தெரியும்."

"எவன்?"

"நான்தான். எனக்கு வந்திருக்கு. உன் வயசைவிடச் சின்ன வயசுல. ஊசி இல்ல, மருந்து இல்ல, என்ன காய்ச்சல்னுகூட எவனுக்கும் தெரியாது. ஒரு காதை அங்க விட்டுட்டு மீதியோட வந்துட்டேன்."

நன்தெனின் மெல்லத் திரும்பினாள்.

"குழாய் உடைஞ்சு போச்சுன்னியே?"

"உடையல."

"பள்ளத்துல வண்டி குதிச்சதுன்னியே?"

"குதிச்சது. குழாய் உடையல. மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் மஞ்சள்."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அழத்தான் ஆரம்பித்தாள், ஆனால் பாதியில் அது சிரிப்பாக மாறி, கதவு நிலையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"இருபது வருஷம்! இருபது வருஷம் இந்த ஆளு என்னை எலி தின்னி, எலி தின்னின்னு கூப்பிட்டான். என் ரத்தம் சுத்தம். எலி இவன் ரத்தத்துல குடும்பம் நடத்தியிருக்கு! கேட்டீங்களா எல்லாரும்?"

கேட்டார்கள். கேட்டு முற்றமே அதிர்ந்தது. லான்சினே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வெட்கத்தில் காது சுட்டது, மந்தமான காதுகூட.

நன்தெனின் இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள். குரல் திரும்பி வந்துவிட்டது.

"டேய், எந்திரி. இந்த அடிமைப் பய பொழச்ச காய்ச்சல்ல ஒரு கோந்தே சாவானா? நாளைக்கு உன் குழியில மண்ணு தள்ளறப்ப, திராவொரே பயலுங்க சுத்தி நின்னு, 'எங்களால முடிஞ்சது, உங்களால முடியலையே'ன்னு சொல்லுவானுங்க. நான் அதைக் கேட்டுட்டு உயிரோட இருக்கணுமா? குடும்ப மானத்தை வாங்காதே. எந்திரிச்சு வண்டியில ஏறு."

சேகூபா வீங்கிய முகத்தோடு தாயைப் பார்த்தான், லான்சினேவைப் பார்த்தான். "நிசமாவே உனக்கு வந்துச்சா, மாமா?"

"வேணும்னா என் இடது காதுல கத்திப் பாரு."

சரான் கொடுத்த முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

தனி வீட்டில் சேர்த்த அன்றே ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை லான்சினே தேடியது ஈரத் தடம். தட்டின் முன்னால் உட்கார்ந்து நேரம் பார்த்தான். அமிலம் விட்டான். சேகூபாவின் குழி தெளிவாக நின்றது.

சன்னல் அருகே போய்ச் சொன்னதும் சேகூபா எழுந்து உட்கார்ந்தான். "அப்ப எனக்கு இல்ல! வீட்டுக்குப் போறேன்."

"உட்காரு. இல்லைன்னு நான் சொல்லல. இன்னும் தெரியலைன்னு சொன்னேன். மாடு இப்பத்தான் வாசலுக்குள்ள கால் வைக்குது. தடம் விழ நாள் ஆகும். ஒரு வாரம், சில பேருக்கு அதுக்கும் மேல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் டாக்டர் தடத்துக்காகக் காத்திருக்க மாட்டார். உன் மூஞ்சியைப் பார்த்தே ஊசி ஆரம்பிச்சுட்டார்."

சன்னலுக்குப் பத்தடி தள்ளிப் போடப்பட்ட கயிற்றுக்கு அப்பால் நன்தெனின் உட்கார்ந்திருந்தாள். மகனுக்குச் சோறு ஊட்டியவள் என்பதால் அவளையும் இருபத்தொரு நாள் கண்காணிக்க வேண்டும். சரான் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தாள். "என் உடம்பு சூட்டைப் பார்த்தே இந்தப் பொண்ணுக்கு வயசாயிரும்" என்று நன்தெனின் அலுத்துக்கொள்வாள். ஆனால் நேரம் தவறினால் அவளே சரானைத் தேடிக்கொண்டு வந்துவிடுவாள்.

அடுத்த இரண்டு நாள் மோசமாகப் போயிற்று. சேகூபாவின் ஈறில் ரத்தம் கசிந்தது. நன்தெனின் கயிற்றருகிலிருந்து நகரவில்லை. லான்சினே கூடத்திலிருந்து வெளியே வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு திட்டு யோசித்துக்கொண்டு வருவான். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பக் கூடத்துக்கே போய்விடுவான். ஒரு மத்தியானம் மஹாவா கொடுத்தனுப்பிய சோற்றையும் வேர்க்கடலைக் குழம்பையும் அவள் பக்கத்தில் வைத்தான். அவள் தொடவில்லை.

"சாப்பிடு. எலி போடல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மூடியைத் திறந்தாள். நான்கு வாய் சாப்பிட்டாள். "உப்பு ஜாஸ்தி" என்றாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் மறுபடி ரத்தம். அமிலம் விட்டதும் சேகூபாவின் குழி மஞ்சளாயிற்று. காய்ந்த தடத்துக்கான தட்டில் ஒன்றும் இல்லை. ஈரத் தடத்துக்கான தட்டில் பளிச்சென்று மஞ்சள். லான்சினே நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகம் என்று எழுதியிருந்த இடத்தில் டாக்டர் இனிமேல் லாசா என்று எழுதலாம். பத்து நாள் மருந்தையும் முழுதாகப் போடலாம். முற்றத்தில் நின்றவர்களையெல்லாம் தேடிப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கலாம். கெட்ட செய்திதான். ஆனால் பேர் தெரியாத காய்ச்சலைவிடப் பேர் தெரிந்த காய்ச்சலோடு சண்டை போடுவது எளிது என்பது கான்கான் அறையில் பத்து நாள் கிடந்தவனுக்குத் தெரியும்.

நன்தெனினிடம் அவனே போய்ச் சொன்னான். அவள் மண்ணில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"உன் மஞ்சள் மாதிரியா?"

"என்னுது பழைய மஞ்சள். இது புதுசு."

"பழையது ஆகுமா?"

அவனால் சத்தியம் செய்ய முடியவில்லை. பதினைந்து வருஷத்தில் பழையது ஆகாத மஞ்சள்களையும் அவன் பார்த்திருக்கிறான். "ஆகணும்னுதான் ஊசி போடறோம்" என்றான். அவள் தலையசைத்தாள். பொய் சொல்லாததற்காகத் தலையசைத்த மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஏழாம் நாள் சேகூபா வேர்க்கடலைக் குழம்பு கேட்டான். எட்டாம் நாள் யாரோ தன் மோட்டார் சைக்கிளை எடுத்து ஓட்டுவதாகச் சந்தேகப்பட்டுச் சன்னலில் நின்று கத்தினான். "பொழச்சுட்டான்" என்றாள் சரான். "வண்டியைப் பத்திக் கவலைப்படறவன் சாக மாட்டான்."

பதினாறாம் நாள் வெளியே விட்டார்கள். காது இரண்டும் கேட்டது. லான்சினேதான் சுவர்க் கடிகாரத்தின் ஊசல் போல இரண்டு பக்கமும் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தான். முற்றத்தில் நின்றவர்களில் வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. நன்தெனினுக்கும் இருபத்தொரு நாள் முடிந்தது. அன்றைக்குக் கூடத்துக்கு வந்து, கதவருகே நின்றாள்.

"அண்ணே, நான் உனக்கு..."

"வேண்டாம்" என்று லான்சினே அவசரமாக எழுந்தான். "அண்ணேங்காதே. போன தடவை நீ அப்படிக் கூப்பிட்டப்ப எனக்குக் குடலே இறங்கிப் போச்சு. ஏதாவது திட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது."

"ரெட்டைக் கோந்தேக்குத் திட்டு வரலையா? ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

"எலிகிட்ட வீட்டு வாடகை கேட்டியா, இல்ல சும்மாவே குடியிருக்க விட்டியா?" என்றாள். அதற்கப்புறம் நிறுத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

மழை தொடங்குவதற்கு முன் இன்னொரு ஊரில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. திந்தியா. முழுக்க முழுக்கத் திராவொரே ஊர். சொந்தக் குலத்தில் கேலி செல்லாது. மரியாதையாகக் கோலாக்கொட்டை கொடுத்து, குனிந்து வணங்கி, அளந்து பேச வேண்டும். லான்சினேவுக்கு எப்போதும் அதுதான் கஷ்டமான ஊர்.

ஊர்ப் பெரியவர் நாமோரி திராவொரே கோலாக்கொட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். முகம் இறுகியிருந்தது.

"தம்பி, ஒரு சேதி கேள்விப்பட்டேன். சேகூபான்னு ஒரு பையன் வண்டியில ஏத்தற ஆளுக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். நீ கோந்தேகாரங்க முற்றத்துல, நாலு பேர் முன்னாடி, உன் ரத்தத்துல எலிக் காய்ச்சல் இருந்ததுன்னு நீயே சொன்னியாமே. நிசமா?"

"நிசம்தான் பெரியப்பா."

"ஒரு திராவொரே. கோந்தேகாரங்க முன்னாடி."

"ஆமா பெரியப்பா."

சரான் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நாமோரி தாடியை நீவிக்கொண்டார்.

"அந்தப் பையன் பொழச்சுட்டான்ல?"

"பொழச்சுட்டான். நல்லா இருக்கான்."

"ம்." இன்னும் கொஞ்சம் தாடி நீவல். "அந்த ஊர்ல எத்தனை கோந்தே கை நீட்டினாங்க?"

"அறுபத்திரண்டு பேர்."

பெரியவர் தன் நீண்ட அங்கியின் கையைத் தோள்வரை சுருட்டினார். பிறகு திரும்பி, வேலிக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்.

"அங்க என்ன வேடிக்கை? எல்லாரும் வரிசையில வாங்க. அறுபத்து மூணாவது ஆள் கை நீட்டாம ஒருத்தனும் வயலுக்குப் போகக் கூடாது!"

பகல் தொழுகைக்கு முன்பே குழாய்கள் தீர்ந்துவிட்டன. வரிசையில் இன்னும் ஆள் நின்றது. இன்னும் குழாய்கள் எடுத்துவர லான்சினே வண்டியை உதைத்து ஃபரானா பக்கம் கிளப்பினான்.